கடைமடைக்கு ஐம்பது நிமிடம்

ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அங்கே அம்மாவின் முழங்கால் வீக்கம் குறைந்ததா? அண்ணன் பட்டறையில் நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டாரா? போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் முழுசாகக் கிடைக்கிறீர்கள். அதனால் நான் எழுதுவதை விடப் போவதில்லை, நீங்களும் விடக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். அணையில் கால்வாசித் தண்ணீர்தான் இருக்கிறது. மழைக்கு இன்னும் ஐந்து மாதம். இருபத்திரண்டு வாய்க்கால்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னைவிட மூத்தவர்கள் நாலு பேர் இருக்க, மேலதிகாரி நேராக என் மேசைக்கு வந்து பங்கீட்டுக் கோப்பை வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் வாய்க்காலும் அதில் ஒன்று. ஒரு வாரம் திறப்பு, ஒரு வாரம் அடைப்பு. ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். வாய்க்காலில் யாரும் மோட்டார் இறக்கக் கூடாது. முப்பத்தோரு பேரில் நாம்தான் கடைமடை, கடைசி. நம் மூன்று ஏக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் மதியம் இரண்டரை வரை. ஆனால் வாய்க்கால் தொடங்கும் தலைமதகை ஒன்று இருபதுக்கே அடைத்துவிடுவார்கள். பயப்படாதீர்கள். அடைத்த பிறகும் நாலு கிலோமீட்டர் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் வடிந்து கடைசி வயலுக்குத்தானே வரும்? அந்த வடிநீர் எழுபது நிமிடத்துக்குக் காணும் என்பது கணக்கு. எல்லா வாய்க்காலிலும் கடைசி ஆளுக்கு இப்படித்தான் போட்டிருக்கிறேன்.

சொந்த வீட்டு வயலுக்கு நானே முறை எழுதுவது கத்தி மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. அங்கே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதுதான் தைரியம்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 6

அதிகாரி அம்மாவுக்கு (இனிமேல் இப்படித்தான், கோபித்துக்கொள்ளாதே),

இங்கே வாய்க்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு வீக்கம் குறைந்துவிட்டது, பேச்சு குறையவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை சத்தமாகப் படிக்க வைத்தார். "மேலதிகாரி நேராக என் மேசைக்கு வந்து" என்ற இடம் வரும்போதெல்லாம் "என்ன, என்ன?" என்று காது கேட்காத மாதிரி நடிக்கிறார்.

நேற்று வாய்க்கால் சங்கக் கூட்டத்தில் உன் அட்டவணையைப் படித்தார்கள். நம் தலைமடைக்காரர் லவுட்ஸ்பீக்கரை மறந்திருக்க மாட்டாய். அவர் ரகசியம் பேசினாலே நாலு வயல் தள்ளிக் கேட்கும். எழுந்து நின்று, "அதிகாரி யாரு? கடைமடை வீட்டுப் பொண்ணு. தண்ணி கடைசில எங்க போய்ச் சேரும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். "அண்ணே, அட்டவணையில இருக்கறதுக்கு மேல என் வயலுக்கு ஒரு நிமிஷம் தண்ணி வந்தா நானே மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைப்பேன். குறைஞ்சா வாயைத் தொறக்க மாட்டேன். போதுமா?" என்றேன். பிறகு மோட்டார் கூடாது என்பதற்கு முதல் கையை நான்தான் தூக்கினேன். மோட்டார் ரிப்பேர் பட்டறைக்காரர் பெண்டாட்டியே கை தூக்கினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள், தூக்கினார்கள். உன் அண்ணன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்னவென்று கேட்டார். "எங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் விளக்க முடியாது.

முதல் முறை முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வாய்க்காலிலும் ஒரு சண்டை இல்லை, ஒரு மோட்டார் இறங்கவில்லை. மேலதிகாரி எல்லார் முன்னாலும் அட்டவணையைத் தூக்கிக் காட்டி, "வேலைன்னா இப்படி இருக்கணும்" என்றார். எனக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்ற உங்களுக்கு.

நம் வயலில் எப்படி? மூன்று ஏக்கரும் நனைந்ததா? அம்மாவின் மருந்து தீர்ந்திருக்கும், வாங்கிவிட்டீர்களா? பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 2

அதிகாரி அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். மருந்து வாங்கியாகிவிட்டது. உன் மேலதிகாரி சொன்னதை அத்தை தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. காய்கறி விற்கிறவரிடம்கூட "எம் பொண்ணு வெச்ச முறையிலதானே இந்தத் தண்ணி வருது" என்கிறார். அவர் தண்ணீரே இல்லாத ஊரிலிருந்து வருகிறவர், தலையாட்டிவிட்டுப் போனார்.

முறை மிக நன்றாக நடக்கிறது. அவரவர் நேரத்துக்கு முன்னால் வந்து கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வாரம் ஏழாம் மடைக்காரர் ஒரு ரப்பர் குழாயை வாய்க்காலில் நைசாக இறக்கினார். நான் அந்தக் குழாய் மேலேயே உட்கார்ந்து அவர் வீட்டுக்காரியோடு ஒரு மணி நேரம் கதை பேசினேன். மனிதர் அதைச் சுருட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பக் கொண்டுவரவில்லை.

உன் அண்ணன் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார். வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? மூன்று ஏக்கரும் நனைந்ததா என்று கேட்டிருந்தேன். ரப்பர் குழாய்க் கதையில் மறந்துவிட்டீர்கள் போல. ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 19

அதிகாரி அம்மாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை சரியாக இருந்தது. அத்தைக்கு இருமல் இருந்தது, இப்போது இல்லை. உன் உடம்பு எப்படி? வெயிலில் அலையும்போது தலையில் துணி போட்டுக்கொள்.

மாடு இரண்டும் கொழுகொழுவென்று இருக்கின்றன. பத்து நாளாகப் பச்சைச் சோளத்தட்டைதான், வேண்டிய மட்டும் தின்கின்றன. பாலும் கூடியிருக்கிறது. எல்லா ஊரிலும் தீவனத்துக்குத் திண்டாடும்போது நம் மாடுகள் ராஜபோகத்தில் இருக்கின்றன என்று அத்தைக்குச் சந்தோஷம்.

வாய்க்கால் விஷயத்தில் நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. எல்லாரும் உன்னை வாழ்த்துகிறார்கள்.

அண்ணி

மார்ச் 23

அண்ணி,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நானும் அந்த வீட்டில் சோளத்தட்டை சுமந்தவள்தான். ஜனவரியில் போட்ட சோளம் மார்ச் முதல் வாரத்தில் பூத்துக் கதிர் பிடிக்கிற நேரம். அப்போது பச்சைத்தட்டையை அறுத்து மாட்டுக்குப் போடுகிறவர் உண்டா? கதிர் வராது என்று தெரிந்தால்தான் அறுப்பார்கள். எந்த ஏக்கர், அண்ணி? கிழக்கே இருக்கிறதுதானே? கடைசியாகத் தண்ணீர் ஏறுகிற மேடு அதுதான்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கணக்குப் பார்த்தேன். எழுபது நிமிட வடிநீர் என்பது பழைய பதிவேட்டில் இருந்த எண். வாய்க்கால் இடுப்பளவு ஓடிய காலத்தில் யாரோ அளந்தது. இப்போது முழங்காலுக்குக் கீழேதான் ஓடுகிறது. மதகை அடைத்தால் வாய்க்காலில் மிஞ்சுவதே கொஞ்சம், அதையும் கரையும் எலி வளைகளும் குடித்துவிடும். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அச்சடித்த எண்ணைப் பார்த்ததும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் ஏக்கரைக் காயவைத்தது வறட்சி இல்லை, நான். ஏன் சொல்லவில்லை?

உங்கள் நாத்தனார்

மார்ச் 27

என் கண்ணுக்கு,

அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. "அதிகாரிக்கு இன்னிக்கு வேலை அதிகம், சும்மா நலம் விசாரிச்சிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம், கிழக்கு ஏக்கர்தான். முதல் முறையிலேயே ஒன்றரை மணிக்கெல்லாம் தண்ணீர் மெலிந்துவிட்டது. எல்லாருக்கும் இப்படித்தான் போல என்று நினைத்தேன். இரண்டாம் முறையில்தான் எனக்கு மட்டும் என்று புரிந்தது. மூன்றாம் முறை வரை பொறுக்கவில்லை, அறுத்துவிட்டேன். அறுக்கும்போது மனசு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் கேட்டுக்கொள். அட்டவணையைத் திருத்தாதே. குறைந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் நான். இப்போது நாத்தனார் வந்து அண்ணன் வயலுக்கு நேரம் கூட்டினால் லவுட்ஸ்பீக்கர் சும்மா இருப்பாரா? "பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வார். நாளைக்கே அவர் மோட்டாரை இறக்குவார், அடுத்த நாள் பத்துப் பேர் இறக்குவார்கள். உன் முறையே கலைந்துவிடும். உன் பெயர் கெடுவதை விட ஒரு ஏக்கர் போவது எனக்குப் பெரிதில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு பெண் இருபத்திரண்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறாள் என்பதைவிட எனக்கு என்ன சோளம் வேண்டியிருக்கிறது?

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. இதை இத்தோடு விடு.

அண்ணி

மார்ச் 31

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். விட முடியாது.

நீங்கள் ஒரு ஏக்கர் என்கிறீர்கள். நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், எல்லா வாய்க்காலிலும் கடைசி ஆளுக்கு இதே கணக்குத்தான் என்று. இருபத்திரண்டு வாய்க்கால், இருபத்திரண்டு கடைமடை. நீங்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டீர்கள். மற்ற இருபத்தோரு பேர் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அலுவலகத்தில் நாத்தனார் கிடையாது.

என் வாய்ச்சொல்லை மேலதிகாரி ஏற்க மாட்டார், பழைய பதிவேட்டைக் காட்டுவார். அளந்த எண் வேண்டும். ஏப்ரல் 7 ஞாயிறு உங்கள் முறை. தலைமதகை அடைக்கும் நேரத்தை மதகுக்காரர் குறிக்கட்டும். உங்கள் மடையில் ஒரு கம்பை நட்டு, தண்ணீர் எத்தனை நிமிடம் நிற்கிறதென்று நீங்கள் பாருங்கள். ஆனால் நம் வீட்டு ஆள் மட்டும் பார்த்தால் செல்லாது. வெளி ஆள் ஒருவர் கையெழுத்து வேண்டும்.

யாரைக் கூப்பிடுவதென்று உங்களுக்குத் தெரியும். கூப்பிடுவதற்கு உங்களுக்குப் பிடிக்காது என்றும் எனக்குத் தெரியும்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 8

அதிகாரி அம்மாவுக்கு,

எல்லாரும் நலம், நான் மட்டும் வெயிலில் கறுத்துவிட்டேன்.

லவுட்ஸ்பீக்கர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுக் கடிகாரத்தை நான் நம்ப மாட்டேன், என் கடிகாரத்தோடதான் வருவேன்" என்றார். "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்" என்றேன்.

உன் அண்ணன் பழைய இரும்புக் கம்பியில் விரற்கடைக்கு ஒரு கோடு அறுத்துக் கொடுத்தார். அதை மடையில் நட்டோம். லவுட்ஸ்பீக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு, குடை பிடித்துக்கொண்டு, சேற்றில் என் பக்கத்திலேயே நின்றார். ஒன்று இருபதுக்குத் தலைமதகு அடைத்தாகிவிட்டது என்று மதகுக்காரர் போனில் சொன்னார். ஒன்று முப்பதுக்கு ஒரு கோடு வெளியே தெரிந்தது. முப்பத்தைந்துக்கு மூன்று கோடு. ஒன்று நாற்பதுக்குக் கம்பியின் அடிமண் தெரிந்தது. இருபது நிமிடம்தான். இரண்டரை வரை வர வேண்டியது.

மனிதர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. பிறகு கிழக்கு ஏக்கரின் அறுத்த கட்டைகளைப் பார்த்தார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானாம்மா?"

"ஆமா அண்ணே."

"ஏன் சொல்லல?"

"சொல்ல மாட்டேன்னு உங்ககிட்டதான சொன்னேன்."

தாளில் ஐம்பது நிமிடம் குறைவு என்று அவரே எழுதி, கையெழுத்தும் போட்டார். எழுத்துகூடப் பெரிசுதான், பாதித் தாள் அவர் கையெழுத்து. இதோடு வைத்திருக்கிறேன். வரப்பில் திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. குடைக்காரர் முன்னால் போய்விட்டதால் தப்பித்தேன்.

இனி உன் பாடு.

அண்ணி

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அந்தத் தாளை மேலதிகாரி மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். கணக்கை ஒத்துக்கொண்டார். "திருத்திய அட்டவணைன்னு மட்டும் போட்டு அனுப்பிடு, காரணம் எதுக்கு?" என்றார். நான் காரணத்தோடுதான் அனுப்பினேன். இருபத்திரண்டு தலைமதகிலும் இந்த வாரம் அது ஒட்டப்படும். நம் மதகிலும்.

அணையிலிருந்து ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகக் கேட்க முடியாது. அதனால் உங்கள் ஐம்பது நிமிடம் மற்ற முப்பது பேரிடமிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் குறைத்திருக்கிறேன். கூட்டினால் அறுபது வரும், பத்து நிமிடம் அதிகம்தான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி என்று எழுதினால் மதகுக்காரர் என்ன செய்வார்? முழு எண்ணாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குச் சேரட்டும், ஒரு ஏக்கர் இழந்தவர் நீங்கள்.

அறுத்த வயலில் பயறு போடலாம். இரண்டு மாதப் பயிர், இரண்டு தண்ணீருக்கே வந்துவிடும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 23

அதிகாரி அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம்தானா என்பதை மறைக்காமல் எழுது. பச்சைத்தட்டையை வைத்து நீ மட்டும்தான் கண்டுபிடிப்பாயா? உன் போன கடித உறையில் பங்கீட்டுப் பிரிவு முத்திரை இல்லை, அளவைப் பிரிவு என்று இருக்கிறது. காரணத்தோடு அனுப்பியதற்குக் கிடைத்த பரிசா? கோப்புகளையும் மேசையையும் வாங்கிக்கொண்டு, வாய்க்கால் வாய்க்காலாகக் கம்பு நடச் சொல்லிவிட்டார்களா? உன் அண்ணனுக்குக் கோபம். எனக்கும் முதலில் கோபம்தான். இப்போது இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை தலைமதகில் உன் அறிவிப்பை ஒட்டினார்கள். முப்பத்தோரு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அத்தை முழங்காலையும் பொருட்படுத்தாமல் நடந்து வந்தார். மதகுக்காரர் சத்தமாகப் படித்தார். "கடைமடை விவசாயிகளுக்கு ஏற்பட்ட இழப்புக்குக் காரணம் வறட்சி அல்ல. பழைய அளவைச் சரிபார்க்காமல் பயன்படுத்தியது என் தவறு." கீழே உன் பதவி, உன் கையெழுத்து.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தத் தாளைத் தடவிப் பார்த்து, "இது எம் பொண்ணு எழுதினது" என்றார். மேலதிகாரி பாராட்டிய கதையைச் சொல்லும்போதுகூட அவர் குரல் அவ்வளவு நிமிர்ந்து இருந்ததில்லை. லவுட்ஸ்பீக்கர் முன்னால் வந்தார். "என் ரெண்டு நிமிஷத்தை முதல்ல எடுத்துக்கோங்க" என்றார். நாலு வயலுக்கு இல்லை, நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். அதற்கப்புறம் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றைக்கு நான் நடந்து வீட்டுக்கு வரவில்லையடி, மிதந்து வந்தேன். உன் பழைய மேசையில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை புது முறை. கிழக்கு ஏக்கரில் மேடு முழுக்கத் தண்ணீர் ஏறியது. நாளைக்குப் பயறு தெளிக்கிறோம்.

உன் பத்து நிமிடக் கணக்கை மட்டும் நான் ஏற்கவில்லை. அளந்தபோது குறைந்திருந்தது ஐம்பது, எனக்குச் சேர வேண்டியது ஐம்பது. கம்பியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு மடையிலேயே நின்றேன். விட்டுப்போன ஐம்பதும் முடிந்ததும் மண்ணை வெட்டிப் போட்டு என் மடையை அடைத்து, வாய்க்காலைக் கீழே இருக்கிற மாட்டுக் குட்டைக்குத் திருப்பினேன். ஜனவரியிலிருந்து காய்ந்து கிடந்த குட்டை, எல்லார் மாட்டுக்கும் பொது.

லவுட்ஸ்பீக்கர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம்தானம்மா, உங்க வயல்லயே விட்டுடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

"நான் கேப்பேன் அண்ணே" என்றேன்.

தலையில் துணி போட்டுக்கொண்டு வெயிலில் நில்.

உன் அண்ணி